பாதம் எத்தனை அடியில்?

பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவம் ஒன்றை வெண்கலத்தில் வார்த்துத் தரச்சொல்லி யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். பாதம் தரையிலிருந்து எத்தனை அடியில் நிற்கும்? வந்தவர்கள் அநேகமாகத் திகைப்பார்கள். முகம் எப்படி அமையும், முள்முடி வேண்டுமா என்று பேச வந்தவர்களிடம் இவன் ஆணி அடிக்கிற உயரத்தை விசாரிக்கிறானே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பாதம் கைக்கு எட்டும் சுரூபம் வேறு, எட்டாத சுரூபம் வேறு. எட்டும் பாதத்தை மக்கள் தொடுவார்கள், நெற்றியை வைப்பார்கள், பெரிய வெள்ளியன்று வரிசையில் நின்று முத்தமிடுவார்கள். எந்த உலோகத்தை உருக்குவது, எதைப் பூசுவது, விரல் எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

திருகோணமலை நகருக்கு வெளியே, கடலைப் பார்த்தபடி இருக்கும் சிறிய மீனவப் பங்கு ஒன்றுக்கு இரண்டடி உயரமான ஒரு சுரூபம் செய்துகொடுத்தேன். அந்த வேலையை வைத்தே சிலவற்றைச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் இளையவர்களுக்கும், இப்படியொன்றைச் செய்விக்க நினைக்கும் பங்குச் சபைகளுக்கும் பயன்படலாம்.

1990இல் அகதியாகத் தமிழகம் போனவர்களில் நானும் ஒருவன். பிழைப்புக்காக, வெண்கல வார்ப்புக்குப் பெயர்பெற்ற சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் மண் குழைக்கும் கையாளாகச் சேர்ந்தேன். மெழுகு பிடிக்க அவர் அனுமதிக்கும்வரை மண்தான் என் பாடம். இன்றைக்கும் என் வேலையில் பாதி அங்கே கற்றதுதான். மீதிப் பாதியை இந்தக் கடற்கரை கற்றுக்கொடுத்தது. காவிரிக் கரையின் முறையை அப்படியே கொண்டுவந்து திருகோணமலையில் இறக்கினால் உப்பும் காற்றும் கேள்வி கேட்கும்.

எங்கள் ஆலயங்களில் நிற்கும் சுரூபங்களில் பெரும்பகுதி அச்சில் பிறந்தவை. பிளாஸ்டரிலோ ஃபைபரிலோ ஊற்றி, சிவந்த கன்னமும் நீலக் கண்ணும் தீட்டி, பெட்டியில் வந்து இறங்குகின்றன. அவற்றின் முன் முழந்தாளிட்டு வளர்ந்தவன் நான், குறை சொல்லவில்லை. ஆனால் மெழுகு வார்ப்பில் அச்சு என்று எதுவும் மிஞ்சுவதில்லை. மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் மண் பூசி, சூளையில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அது விட்டுப்போன வெறுமையில் உலோகத்தை ஊற்றுகிறோம். பிறகு மண்கூட்டை உடைத்தால்தான் சுரூபம் வெளியே வரும். ஒரு மெழுகுக்கு ஒரு வார்ப்பு. அதனால் ஒவ்வொரு முறையும் இந்தக் கிறிஸ்து யார், எந்த ஊர்க்காரர் என்ற கேள்விக்குப் புதிதாகப் பதில் சொல்லியாக வேண்டும். திருச்சபை எந்தவொரு கலைப்பாணியையும் தனக்கே உரியதென்று வரித்துக்கொண்டதில்லை என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே எழுதிவைத்துவிட்டது. எங்கள் சபைக் கூட்டங்களுக்குத்தான் அந்தச் செய்தி மெதுவாக வந்துகொண்டிருக்கிறது.

முதல் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்தார். "வெண்கலம் என்றால் கோவில் விக்கிரகம் மாதிரி ஆகிவிடாதா, தம்பி?" நியாயமான தயக்கம்தான். ஜெர்மனியில் ஹில்டெஸ்ஹைம் பேராலயத்தின் வெண்கலக் கதவுகள் 1015இல் வார்க்கப்பட்டவை, அவற்றில் ஆதாம் முதல் உயிர்ப்புவரை இருக்கிறது என்று சொன்னேன். அவர் அசையவில்லை. உள்ளூர்க் கதைதான் எடுபட்டது. இந்தக் கரைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கிடைத்த, தாரா என்ற பௌத்த தேவியின் வெண்கலச் சிலை 143 சென்ரிமீற்றர் உயரம். உள்ளே பொள்ளல் இல்லாமல் கனமாக வார்த்துப் பொன்முலாம் பூசியது. 1830 முதல் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோவிலின் திருமேனிகள் சில, 1950இல் கிணறு வெட்டும்போது வெளியே வந்தன. அத்தனை காலம் கடலோர மண்ணுக்குள் கிடந்தும் முகம் அழியாமல் வந்தன. "உங்கள் பிளாஸ்டர் மாதா எத்தனை மாரி தாங்கினாள்?" என்று பங்குத்தந்தையே கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காலக்கணக்குக்கு வருகிறேன். பங்குச் சபையினர் முதலில் வந்தது ஆடியில். கச்சான் காற்று அனல் வாரி வீசிக்கொண்டிருந்தது. வரும் பெரிய வெள்ளிக்கு வேண்டும், உடனே தொடங்குங்கள் என்றார்கள். ஆடியில் நான் மெழுகைத் தொடுவதில்லை. தேன்மெழுகு 62 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும் என்றாலும், அந்த வெயிலில் நீட்டிய கை மாலைக்குள் தொங்கிவிடும். சிலுவையில் விரிந்த கைகளுக்கு அது ஆகாது. சுவாமிமலைக் கலவை தேன்மெழுகு, குங்கிலியம், நிலக்கடலை எண்ணெய் மூன்றும் சேர்ந்தது. இங்கே நான் குங்கிலியத்தைக் கூட்டி எண்ணெயைக் குறைக்கிறேன். அப்படியும் மெழுகு வேலைக்கு ஏற்றது ஐப்பசி தொடங்கித் தை வரையான மாரிதான். குளிர்ச்சியில் மெழுகு இறுகி நிற்கும், கத்தி சொன்னபடி கேட்கும். மண் உலர்த்துவதற்கோ மாரி சத்துரு. ஆகவே மாரியில் மெழுகு, மாசியில் மண், பங்குனியில் வார்ப்பு என்று வைத்துக்கொண்டேன். அந்த ஆண்டு பெரிய வெள்ளி சித்திரையில் விழுந்தது எங்கள் அதிர்ஷ்டம். திகதியைச் சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் இந்தக் கணக்கை முதல் நாளே விளக்கிவிடுங்கள். ஈரமான அச்சில் உலோகம் ஊற்றினால் நீர் ஒரு கணத்தில் ஆவியாகி உலோகத்தையே திருப்பி வீசும். எந்தத் திருவிழாவும் அதற்கு ஈடாகாது.

மெழுகு முடிந்ததும், மண் பூசுவதற்கு முன்னர், அதைப் பங்குக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். படத்தைக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், வார்ப்பைக் காட்டினால் எல்லோரும் குறை சொல்வார்கள். மெழுகில் மட்டும்தான் அவர்கள் சொல்வதை நாம் கேட்கவும் முடியும், தேவைப்பட்டால் மறுக்கவும் முடியும். ஜெர்மேன் ரிஷியே என்ற பிரெஞ்சுச் சிற்பி அசி என்ற மலையூரின் ஆலயத்துக்கு 1950இல் ஒரு வெண்கலக் கிறிஸ்துவைச் செய்தார். முகமே இல்லாத, வற்றிய மரம்போன்ற உடல். மறு ஆண்டே எதிர்ப்புக் கிளம்பி அதைப் பீடத்திலிருந்து அகற்றினார்கள், பல ஆண்டுகள் கழித்தே திரும்பி வந்தது. எனக்கு அந்தச் சுரூபத்தில் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் எனக்கு ரிஷியேயின் பெயரும் இல்லை, எதிர்ப்பைத் தாங்கும் பணமும் இல்லை.

நான் பிடித்த மெழுகிலும் முகம் மங்கல்தான். தலை நெஞ்சில் சாய்ந்து, முடி விழுந்து, ஒரு கண் மட்டும் பாதி தெரிந்தது. "முகம் எங்கே?" என்று பெண்கள் கேட்டார்கள். கீழே நின்று அண்ணாந்து பாருங்கள் என்று மேசைமேல் தூக்கிப் பிடித்தேன். கீழிருந்து பார்த்தால் குனிந்த முகம் நேராக அவர்களையே பார்த்தது. அந்தக் குறை அங்கேயே தீர்ந்தது. கையைப் பற்றிய குறை தீரவில்லை. கரைவலை இழுத்துக் காய்த்துப்போன கையோடு ஒரு பெரியவர் அருகே வந்து, சுரூபத்தின் விரல்களைப் பார்த்துவிட்டுத் தன் கையை விரித்துக் காட்டினார். விரியவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கியே நின்றன. "வேலை செய்த கை இவ்வளவு நீட்டமாக விரியாது, தம்பி. அவரும் தச்சர்தானே?" என்றார். ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடாக்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரு கைகளிலும் விரல்களை மடக்கினேன். இதில் ஒரு தொழில் லாபமும் கிடைத்தது. உள்ளங்கையை ஒட்டி மடங்கிய விரல் துருத்தி நிற்கும் விரலைவிட எளிதில் உலோகம் ஏறும்.

மெல்லிய விரல்தான் வார்ப்பில் பெரிய தலைவலி. உலோகம் நுனிவரை போவதற்குள் உறைந்துவிட்டால் மொட்டைவிரல் கிடைக்கும். அதனால் ஒவ்வொரு நுனியிலும் ஈர்க்கின் பருமனில் மெழுகுக்குச்சி ஒட்டி மேலே கொண்டுபோய்க் காற்றுப் போக வழி விட்டேன். உடலைக் கனமாக வார்க்கவில்லை. சுவாமிமலையில் கனவார்ப்புதான் வழக்கம், ஆனால் இரண்டடிச் சுரூபத்தைக் கனமாக வார்த்தால் இருபத்தைந்து கிலோவைத் தாண்டும். உள்ளே மண்கருவை வைத்து ஐந்து மில்லிமீற்றர் தடிப்பில் மெழுகைப் போர்த்தினால் பத்துக் கிலோ அளவில் முடியும். பழைய சுவரில் தொங்கவேண்டிய பொருளுக்கு இந்த வித்தியாசம் பெரிது. செலவும் அப்படித்தான். எவ்வளவு உலோகம் தேவை என்று அறிய, பிடித்த மெழுகை நிறுத்துப் பத்தால் பெருக்குங்கள். ஊற்றுவாய்க்கும் குழாய்களுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூட வையுங்கள்.

மண் விடயத்தில் ஓர் எச்சரிக்கை. கடல்மணல் காலடியில் கிடக்கிறதென்று அதை அள்ளாதீர்கள். அதில் சிப்பித்தூள் கலந்திருக்கும். கொதிக்கும் உலோகம் பட்டதும் சிப்பி சுண்ணாம்பாகிக் காற்றைக் கக்கும், வார்ப்பின் தோல் முழுவதும் அம்மைத்தழும்புதான். உப்பு வேறு. நான் முதல் பூச்சுக்குத் தம்பலகாமப் பக்கத்து வயல்களின் நுண்மண்ணைச் சலித்து, கரித்த உமித்தூளும் பசுஞ்சாணமும் சேர்த்துப் பால்போலக் கரைத்துத் தூரிகையால் பூசுகிறேன். அடுத்தடுத்த பூச்சுகளுக்கு ஆற்றுமணல் கலந்த களி. ஒவ்வொரு பூச்சும் நிழலில்தான் உலரவேண்டும். கை விரிந்த சுரூபத்தின் அச்சு அகலமானது, தன் பாரத்திலேயே விரிசல் விடும் என்பதால் இரும்புக் கம்பியால் வரிந்து கட்டுவது கட்டாயம். வடக்கே புல்மோட்டையில் சிர்க்கோன் மணல் மலைமலையாகக் குவிகிறது. உலகின் வார்ப்புச்சாலைகள் முதல் பூச்சுக்குத் தேடி வாங்கும் பொருள் அது. நானோ பக்கத்து வீட்டு மாட்டுக்குப் பின்னால் வாளியோடு நிற்கிறேன்.

இனி உலோகம். துறைமுக ஊரில் பழைய உலோகத்துக்குப் பஞ்சமில்லை. பழையிரும்புக் கடைக்காரர் ஒருவர் "கப்பல் வெண்கலம்" என்று எனக்குக் கொடுத்தது பெரிய படகொன்றின் விசிறி. அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தேன், உள்ளே பளிச்சென்ற மஞ்சள். விசிறிக்குப் பயன்படுத்தும் உலோகத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குவரை துத்தநாகம் இருக்கும். துத்தநாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும். வார்ப்புக்கான சூடோ 1100க்கு மேல். பட்டறை வெள்ளைப் புகையில் மூழ்கும், அதைச் சுவாசித்தவனுக்கு இரவில் குளிர்காய்ச்சல் வரும். போதாததற்கு, கடற்காற்றில் அத்தகைய உலோகத்திலிருந்து துத்தநாகம் கரைந்துபோய்ச் செந்நிறப் பஞ்சாகச் செம்பு மட்டும் மிஞ்சும். விசிறியைத் திருப்பிக் கொடுத்தேன். பழைய தண்ணீர் வால்வுகளை உருக்கலாம் என்பார்கள். அவை நல்ல உலோகம்தான், ஆனால் பெரும்பாலும் ஈயம் கலந்தவை. செம்பு 85, வெள்ளீயம், துத்தநாகம், ஈயம் ஐந்தைந்து என்பது அந்த வகையில் பெயர்பெற்ற கலவை.

இங்கேதான் பாதத்தின் உயரம் முக்கியமாகிறது. சுவாமிமலையில் செம்போடு பித்தளையும் ஈயமும் சேர்த்து, வெள்ளியும் பொன்னும் பொட்டளவு போடுவார்கள். அந்தத் திருமேனிகளை யாரும் முத்தமிடுவதில்லை. எங்கள் மக்கள் முத்தமிடுவார்கள். ஆண்டுக்கொரு முறை வாய் பட்டு யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்று வாதிடலாம். ஆனால் தாய்மார் கைக்குழந்தையைத் தூக்கி அதன் வாயைப் பாதத்தில் வைப்பதை நான் கண்டிருக்கிறேன், குழந்தை நக்கும். அதனால் பழைய மின்கம்பியின் சுத்தமான செம்பும், பத்தில் ஒரு பங்கு வெள்ளீயமும் மட்டும். ஈயம் இல்லை. விலை கூடும், அரம் போடக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆனால் கடற்காற்றையும் இதுவே நன்றாகத் தாங்கும்.

அச்சைச் சூளையில் வைத்து மெழுகை எடுத்தபின், மெழுகு நாற்றம் நின்றுவிட்டது என்பதை மட்டும் நம்பி இறக்கிவிடக் கூடாது. ஊற்றுவாய்க்கு மேலே ஒரு குளிர்ந்த கண்ணாடித் துண்டைப் பிடியுங்கள். பனி படர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. கண்ணாடி தெளிவாக நிற்கும்வரை நெருப்பை நிறுத்தாதீர்கள். நான் அச்சைத் தலைகீழாகக் குழியில் நிறுத்தினேன். தலை கீழே, பாதம் மேலே. கசடும் காற்றும் மேலேறும் என்பதால் முகத்தைக் காப்பாற்ற எல்லோரும் செய்வது இது. ஆனால் அப்படிச் செய்தால் கசடு வந்து சேருமிடம் பாதம். ஆகவே பாதங்களின் பின்புறத்தில் முன்கூட்டியே ஒரு தடித்த மெழுகுக் கட்டியை ஒட்டியிருந்தேன். கசடு பாதத்தைக் கடந்து அந்தக் கட்டியில் போய்த் தேங்கும், பிறகு வாளால் அறுத்து எறிந்துவிடலாம். உறையும்போது சுருங்கும் உலோகத்துக்கும் அதுவே மேலிருந்து ஊட்டும்.

சிரட்டைக்கரி உலையில், உலோகம் உருக்கும் பாத்திரமான மூசை சிவந்துகொண்டிருந்தபோது பங்கிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். கைக்குட்டையில் முடிந்த ஒரு வெள்ளிச் சங்கிலி, 2004 சுனாமியில் போன பேரனுடையது. இதையும் போடு என்றார். இத்தனை கிலோ உலோகத்தில் அதைத் தேடினாலும் காணமுடியாது என்றேன். "காணத் தேவையில்லை" என்றார். உலோகவியல்படி அதனால் பயனும் இல்லை, கேடும் இல்லை. ஆனால் எதையும் குளிராக மூசைக்குள் போடக்கூடாது, ஒட்டியிருக்கும் ஈரமே உலோகத்தைத் தெறிக்கவைக்கும். சங்கிலியை உலை விளிம்பில் வைத்துச் சூடாக்கிக் குறட்டால் இறக்கினேன். பிறகு மேலே மிதந்த கசடை ஒதுக்கி, இடைவிடாமல் ஒரே ஓட்டமாக ஊற்றினோம். விரல்களின் குழாய்வாய்களில் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சள் பொட்டுகள் எட்டிப்பார்த்தன. வலது கையில் ஒன்று மட்டும் தாமதித்து வந்தது. அதுவரை என் உதவியாள் தம்பி மூச்சு விட்டானா என்று தெரியவில்லை.

கூட்டை உடைத்தபின் உள்ளே இருக்கும் மண்கருவை முழுவதும் சுரண்டி எடுங்கள். விட்டுவைத்தால் அது கடற்காற்றின் உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சி, பின்னாளில் தையல்களின் வழியே பச்சையாகக் கசியும். கருவைத் தாங்கிய இரும்பு ஆணிகளும் வெளியே வரவேண்டும், அந்தத் துளைகளை அதே உலோகத்தால் அடைக்கவேண்டும். மரச்சிலுவையில் பூட்டும் திருகாணியும் வெண்கலமாகவே இருக்கட்டும். உப்புக்காற்றில் வெண்கலத்தை ஒட்டி நிற்கும் இரும்பு சீக்கிரம் இற்றுப்போகும்.

உடலுக்கு இரும்பு நைத்திரேற்றைச் சூட்டில் பூசிப் பழுப்பு நிறம் ஏற்றினேன். பாதங்களில் எந்த இரசாயனமும் இல்லை. தேய்த்து மினுக்கித் தேன்மெழுகு மட்டும் தடவினேன். இரண்டு நிறமாக இருக்கிறதே என்று கேட்டார்கள். ரோமில் பேதுரு பேராலயத்திலுள்ள பேதுருவின் வெண்கலச் சிலையில் யாத்திரிகரின் கைபட்டே பாதம் தேய்ந்து மழுங்கிவிட்டது. கனடாச் சிற்பி திமத்தி ஷ்மால்ஸ் 2013இல் செய்த 'வீடற்ற இயேசு' என்ற வெண்கலச் சிலையில் இயேசு பூங்கா வாங்கொன்றில் போர்வையால் மூடிப் படுத்திருக்கிறார். பாதங்களின் ஆணிக்காயத்தை வைத்துத்தான் அவர் யார் என்றே தெரியும், வாங்கில் அந்தப் பாதங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் அமர இடமும் விட்டிருக்கிறார். எங்கள் சுரூபத்திலும் கை படப்படப் பாதம் ஒளிரும், மற்ற இடம் கறுக்கும். அந்த வேலையை மக்களே செய்யட்டும் என்றேன்.

ஆலயத்தைப் பராமரிப்பவரிடம் எழுதிக் கொடுத்தவை: பித்தளை மினுக்கும் பசை கிட்டவும் வரக்கூடாது. தவக்காலத்துக்கு முன்னர் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து மெல்லியதாக மெழுகு தடவுங்கள். கம்பி வைத்துக் கட்டிய மாலை வேண்டாம். மெழுகுதிரித் தட்டம் ஓர் எட்டுத் தள்ளியே இருக்கட்டும், புகைக்கரி ஏறினால் கழுவுவது பெரும்பாடு. பணத்தைப் பற்றியும் ஒன்று. மெழுகுக்கு ஒரு பங்கு, உலோகத்துக்கு ஒரு பங்கு, முடித்து மாட்டிய பின்னர் ஒரு பங்கு என்று பிரித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வார்த்த பிறகு மாற்றம் கேட்டால் புதிய மெழுகு, புதிய விலை என்பதும் அந்தத் தாளில் இருக்கவேண்டும்.

உபயகாரர் பெயர் கடைசி வாரத்தில்தான் எழுந்தது. அடிப்பாகத்தில் பொறிக்க வேண்டும் என்றார்கள். அடிப்பாகம் என்றால் பாதம். மெழுகிலேயே இதைக் கேட்டுவைக்க வேண்டும், உலோகத்தில் எழுத்து வெட்டுவது கைகடுக்கும் வேலை. பெயர்ப்பட்டியல் கூட்டத்துக்குக் கூட்டம் நீண்டுகொண்டே போனது, வெளிநாட்டிலிருந்தும் அழைப்புகள் வந்தன. முடிவில் ஒரு செப்புத் தகட்டில் எல்லாப் பெயர்களையும் பொறித்து, சிலுவை மரத்தின் பின்புறம், சுவரைப் பார்த்தபடி அடித்தேன். இரண்டு பேருக்கு இன்னும் என்மேல் கோபம்.